பாப் டிலன் கேட்டு வளர்ந்த பாட்டுங்க: பழைய அமெரிக்க இசைக்குள்ள நுழைய நினைக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் சொந்தமா பாட்டு எழுத ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி யாரையெல்லாம் கேட்டாருன்னு ஒண்ணா சேர்த்துப் போட்ட ரெண்டு சிடி தொகுப்பு ஒண்ணு பல வருஷம் முன்னாடி என் கைக்கு வந்துச்சு. டிலனுக்காகத்தான் வாங்குனேன், ஆனா அவரை அப்படியே விட்டுட்டு 1920கள், 30கள்ல பதிவான பாட்டுக்குள்ள போனவன் இன்னும் வெளிய வரல. கேக்கச் சொல்லி நண்பர்களுக்கு அனுப்புனா எல்லாரும் திரும்பத் திரும்ப இதே கேள்விங்களைத்தான் கேக்கறாங்க, அதான் ஒரே இடத்துல எழுதி வெச்சிடறேன்.

இந்தத் தொகுப்பெல்லாம் டிலனே போட்டதா?

பெரும்பாலும் இல்ல. டிலனோட வேர்கள், டிலனுக்குப் பிடிச்ச பாட்டுங்கன்னு விதவிதமான பேர்ல நிறைய கம்பெனி போட்டிருக்காங்க. காரணம் காப்புரிமை. ஐரோப்பால ஒரு ஒலிப்பதிவுக்கு ரொம்ப காலமா 50 வருஷம்தான் உரிமை, 2013ல அதை 70 ஆக்குனாங்க, ஆனா ஏற்கெனவே காலாவதி ஆனதுக்கு உயிர் வரல, அதனால 1962 வரைக்கும் வந்த பழைய பதிவுங்களை அங்க யார் வேணா தொகுத்துப் போடலாம். அதனாலதான் இத்தனை தொகுப்பு, அதனாலதான் தரமும் ஏறுக்கு மாறா இருக்கு. ஒவ்வொரு பாட்டுக்கும் யார் பாடுனது, எந்த வருஷம், எந்த ஊர்ல பதிவு பண்ணதுன்னு போட்டிருக்கான்னு முதல்ல பாருங்க, அது இல்லாத தொகுப்பை நான் தொடமாட்டேன். டிலனே வாயைத் திறந்து அறிமுகப்படுத்தறதைக் கேக்கணும்னா 2006லேர்ந்து 2009 வரைக்கும் அவர் நடத்துன தீம் டைம் ரேடியோ அவர் இருக்கு, வாரம் ஒரு தலைப்பு எடுத்துக்கிட்டு அதுக்குத் தோதா பழைய பாட்டுங்களாப் போடுவாரு.

ப்ளூஸ் வேணும்னா ப்ளூஸ் தொகுப்பு, கன்ட்ரி வேணும்னா கன்ட்ரி தொகுப்பு கேக்கலாமே, ஒருத்தர் காது வழியா ஏன் போகணும்?

ப்ளூஸ்னா கறுப்பின மக்களோட பாட்டு, கன்ட்ரின்னா தெற்கு வெள்ளையரோட பாட்டுன்னு கடைல அலமாரி பிரிச்ச மாதிரி எந்தப் பாட்டுக்காரனும் பாட்டு கேக்கறது இல்லீங்க. டிலன் 1941ல பொறந்து மினசோட்டால ஹிப்பிங்ங்கற சுரங்க ஊர்ல வளர்ந்தவரு. ராத்திரி ரேடியோல தூரத்து ஸ்டேஷன்லேர்ந்து வந்ததையெல்லாம் கேட்டாரு. கன்ட்ரி பாடுன ஹாங்க் வில்லியம்ஸும் ராக் அண்ட் ரோல் பாடுன லிட்டில் ரிச்சர்டும் ப்ளூஸ் பாடுன மடி வாட்டர்ஸும் அவர் காதுல பக்கத்து பக்கத்துல உக்காந்திருந்தாங்க. வகை பிரிச்ச தொகுப்புல இந்த பக்கத்து பக்கம்ங்கறது காணாமப் போயிடும்.

1962 மார்ச்ல வந்த அவரோட முதல் ஆல்பத்தை எடுத்துக்கங்க, 13 பாட்டு, அதுல சொந்தப் பாட்டு ரெண்டே ரெண்டு. மீதி 11ல டெக்சஸ் ப்ளூஸ் ஒண்ணு, மிசிசிப்பி ப்ளூஸ் ஒண்ணு, சர்ச்சுல பாடறது, மலைநாட்டுப் பாட்டு, ராய் அகஃப்ங்கற கன்ட்ரி பாடகர் வழியா வந்த ரயில் பாட்டுன்னு எல்லாம் கலந்து கிடக்கு. இருபது வயசுப் பையன் தன் புத்தக அலமாரியைத் திறந்து காட்டுன மாதிரி. அந்த 11 பாட்டுக்கும் மூலம் தேடிப் போனாலே ஒரு தொகுப்பு நீங்களே பண்ணிடலாம்.

ஒரே கரகரன்னு இருக்கு, ரெண்டு பாட்டுக்கு மேல கேக்க முடியல. என்ன பண்றது?

இதைக் கேக்காதவங்களே கிடையாது, எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்துச்சு, மூணாவது பாட்டுல நிறுத்திட்டேன்.

அந்த கரகரப்பு எங்கேர்ந்து வருதுன்னு தெரிஞ்சா கொஞ்சம் பொறுமை வரும். இதெல்லாம் நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்தற அரக்குத் தட்டு, நிஜமாவே அரக்கு கலந்து செஞ்சதுதான். கனமான ஊசி ஒவ்வொரு தடவையும் தட்டைக் கொஞ்சம் தேய்ச்சிட்டுத்தான் போகும். பாரமவுண்ட்னு விஸ்கான்சின்ல ஒரு ரெக்கார்டு கம்பெனி இருந்துச்சு (சினிமா கம்பெனி இல்ல, இது நாற்காலி செய்யற கம்பெனியோட கிளை), சார்லி பாட்டன், ப்ளைண்ட் லெமன் ஜெஃபர்சன் மாதிரி பெரிய ப்ளூஸ் ஆளுங்களையெல்லாம் பதிவு பண்ணது அவங்கதான், ஆனா மட்டமான சரக்குல தட்டு அடிச்சாங்க. கம்பெனி 1930கள்ல மூடிட்டாங்க, மூல அச்சுங்க பெரும்பாலும் மிஞ்சல. இன்னிக்கு நாம கேக்கறது யாரோ வீட்ல ஆசை ஆசையா நூத்துக்கணக்கான தடவை போட்டுத் தேய்ஞ்ச தட்டுலேர்ந்து எடுத்தது. அதை நினைச்சுட்டுக் கேட்டா அந்த சத்தமே வேற மாதிரி ஆயிடுது, யாரோ இதை அவ்ளோ தடவை கேட்டிருக்காங்க.

வழின்னு கேட்டா நான் சொல்றது ஒண்ணுதான்: பாட்டு முழுக்கக் கேக்காதீங்க, ஒரே ஒரு விஷயத்தைத் துரத்துங்க. ப்ளைண்ட் லெமன் ஜெஃபர்சன் 1928ல பாடுன 'ஸீ தட் மை க்ரேவ் இஸ் கெப்ட் க்ளீன்' எடுத்துக்கங்க, டிலன் முதல் ஆல்பத்துல கடைசிப் பாட்டா பாடுனது இதைத்தான். என் சமாதியை சுத்தமா வெச்சுக்கங்கன்னு கேக்கற பாட்டு. நடுவுல சர்ச் மணி அடிக்கற சத்தம் கேட்டிருக்கீங்களான்னு ஒரு அடி வரும், அது முடிஞ்ச உடனே கிடார்ல தாழ்ந்த சுரத்துல டங்… டங்னு மணி அடிக்குது. கண்ணு தெரியாத ஒரு மனுஷன், ஒரு கிடார், மூணு நிமிஷத் தட்டு, அதுக்குள்ள ஒரு சாவு மணி. நான் அதை நாலாவது தடவை கேக்கும்போதுதான் கவனிச்சேன், அன்னிலேர்ந்து கரகரப்பு என் காதுல விழறதே இல்ல. ஹெட்ஃபோன் வேண்டாம், ஸ்பீக்கர்ல கொஞ்சம் தள்ளி உக்காந்து கேளுங்க, இரைச்சல் அறையோட கலந்துடும்.

அப்போ டிலன் மெட்டையெல்லாம் திருடிட்டாரா?

தொகுப்பைக் கேட்டு முடிச்ச உடனே எல்லாருக்கும் வர்ற அதிர்ச்சி இதுதான். 'ப்ளோயின் இன் த விண்ட்' மெட்டு 'நோ மோர் ஆக்ஷன் ப்ளாக்'ங்கற பாட்டுலேர்ந்து வந்தது, அடிமையா ஏலம் விடப்பட்ட கறுப்பின மக்கள் இனிமே எனக்கு ஏல மேடை கிடையாதுன்னு பாடுன ஸ்பிரிச்சுவல், அதாவது அவங்களோட பக்திப் பாட்டு. டிலனே இதை ஒத்துக்கிட்டிருக்காரு, 1962ல ஒரு சின்ன கிளப்புல அந்த மூலப் பாட்டையே பாடுன பதிவும் பின்னாடி வெளிவந்துச்சு. ரெண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்க, மனுஷனை மனுஷனா மதிக்க இன்னும் எவ்ளோ நாளாகும்ங்கற கேள்வி ஏன் அந்த மெட்டுல வந்து உக்காந்துச்சுன்னு யாரும் விளக்கவே தேவையில்ல.

திருட்டான்னு கேட்டா, நம்ம பழைய பாட்டுப் புத்தகத்துல தலைப்புக்குக் கீழ 'இன்ன பாட்டின் மெட்டு'ன்னு போட்டிருப்பாங்கள்ல, கேக்கறவன் வாயில ஏற்கெனவே இருக்கற மெட்டுல புதுச் சேதியை ஏத்தி அனுப்பறது. அமெரிக்க நாட்டுப்பாட்டுலயும் அதே பழக்கம்தான். டிலன் குருவா நினைச்ச நாட்டுப்பாடகர் வுடி கத்ரி 1940ல எழுதுன 'திஸ் லேண்ட் இஸ் யுவர் லேண்ட்' மெட்டு கார்ட்டர் ஃபேமிலிங்கற குடும்பக் குழு பாடுன ஒரு பக்திப் பாட்டோடது, அந்த பக்திப் பாட்டும் அதுக்கு முன்னாடி சர்ச்சுல புழங்குனதுதான்.

எனக்கு ரொம்ப நெருக்கமானது 'சாங் டு வுடி'. டிலன் தன் குருவுக்கு எழுதுன பாட்டு, மெட்டு அந்த குருவோடது, கத்ரியோட '1913 மாஸகர்'. அந்த மூலப் பாட்டு என்னன்னா, 1913 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மிச்சிகன்ல காலுமெட்ங்கற செம்புச் சுரங்க ஊர்ல வேலைநிறுத்தம் பண்ண தொழிலாளிங்க குடும்பத்தோட ஒரு ஹால்ல பண்டிகை கொண்டாடறாங்க, யாரோ நெருப்புன்னு கத்திடறாங்க, நெருப்பே இல்ல, ஆனா மாடிப்படில நெரிசல்ல 73 பேர் செத்துப் போறாங்க, பெரும்பாலும் குழந்தைங்க. கத்ரி அதைக் குரல் உயர்த்தாம, பக்கத்துல உக்காந்து சொல்ற மாதிரி பாடுவாரு. டிலன் பாட்டை மட்டும் கேட்டா அழகான நன்றிப் பாட்டு. மூலத்தைக் கேட்டதுக்கு அப்புறம் அந்த மெட்டுக்குள்ள இறந்து போன குழந்தைங்க இருக்காங்க, அதை மறக்கவே முடியாது.

ஆனா ஒண்ணு சொல்லணும், எல்லா கடனும் ஒண்ணு இல்ல. யார் எழுதுனதுன்னு தெரியாத பழைய மெட்டை எடுக்கறது வேற, உயிரோட இருக்கற ஒருத்தர் பாடிப் பாடி உருவாக்கி வெச்சதை எடுத்துட்டு பேர் போடாம விடறது வேற. டிலனோட 'கேர்ள் ஃப்ரம் த நார்த் கன்ட்ரி' பாட்டோட அடித்தளம் லண்டன்ல மார்ட்டின் கார்த்திங்கற நாட்டுப்பாடகர் பாடிக் கேட்ட 'ஸ்கார்பரோ ஃபேர்', அந்த ஆல்பத்தோட உறைக் குறிப்புல கார்த்தி பேர் வருது, ஆனா அது 'பாப் டிலன்ஸ் ட்ரீம்'ங்கற இன்னொரு பாட்டுக்கு. அப்படிச் சொல்லாத இடமும் உண்டு, அங்க எனக்கும் வருத்தம்தான்.

ப்ளூஸ் எல்லாம் கேக்க ஒரே மாதிரி இருக்கே?

அச்சு ஒண்ணு, அதான் அப்படித் தோணுது. பன்னெண்டு பார் (தாளத்துல பன்னெண்டு கட்டம்), முதல் அடியைப் பாடி அதையே திரும்பப் பாடி மூணாவதுல பதில் சொல்றது. வெண்பாவும் ஒரே அச்சுதான, அதுக்காக எல்லா வெண்பாவும் ஒண்ணாயிடுமா.

சார்லி பாட்டனையும் ப்ளைண்ட் வில்லி மெக்டெல்லையும் அடுத்தடுத்து வெச்சுக் கேளுங்க. பாட்டன் மிசிசிப்பி டெல்டாக்காரரு, தொண்டையே மண்ணு அள்ளிப் போட்ட மாதிரி இருக்கும், கிடாரை அடிச்சுத் தட்டி மிதிச்சு வாசிப்பாரு, 1927ல மிசிசிப்பி ஆத்துல வந்த பெரு வெள்ளத்தைப் பத்தி 1929ல ரெண்டு பக்கத் தட்டா பாடி வெச்சிருக்காரு. டிலன் 2001ல வெள்ளப் பாட்டு ஒண்ணு எழுதி அதை பாட்டனுக்கே சமர்ப்பணம் பண்ணாரு. மெக்டெல் ஜார்ஜியாக்காரரு, பன்னெண்டு கம்பி கிடார், குரல் மெல்லிசு, ஏறக்குறைய கொஞ்சற குரல், வார்த்தை ஒவ்வொண்ணும் தெளிவா விழும். ரெண்டு பேர் பாட்டுக்கும் கடைல ஒட்டற சீட்டு ஒண்ணுதான், கேக்கறதுக்கு மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். மெக்டெல் பேர்லயே டிலன் 1983ல ஒரு பாட்டு பதிவு பண்ணிட்டு ஆல்பத்துல சேக்காம விட்டாரு, 1991லதான் வெளிய வந்துச்சு, என்னைக் கேட்டா அவர் பாடுனதுலயே அதான் உச்சம்.

ராபர்ட் ஜான்சன்ங்கற ப்ளூஸ்காரர் நாற்சந்தில பிசாசுக்கு ஆத்மாவை வித்தாராமே?

அந்தக் கதை முதல்ல டாமி ஜான்சன்ங்கற வேற பாடகரைப் பத்தி அவரோட அண்ணன் சொன்னது, பேர் ஒண்ணா இருக்கறதால இவர் மேலயும் ஒட்டிக்கிச்சு. கதையை விட்டுட்டுப் பாட்டுக்கு வாங்க. ராபர்ட் பதிவு பண்ணது 1936ல சான் அன்டோனியோ, 1937ல டல்லஸ், மொத்தமே 29 பாட்டு, 1938ல 27 வயசுல செத்துட்டாரு. 1961ல கொலம்பியா கம்பெனி அதுல கொஞ்சத்தை எல்பியா போட்டப்போ, டிலனை அங்க சேர்த்துக்கிட்ட ஜான் ஹாமண்ட் வெளியாகறதுக்கு முன்னாடியே ஒரு பிரதி குடுத்தாரு. ஒவ்வொரு வரியும் எப்படிக் கட்டியிருக்குன்னு பாக்க டிலன் அந்தப் பாட்டுங்களைத் துண்டுக் காகிதத்துல எழுதி எழுதிப் பாத்ததா அவரோட தன்வரலாற்றுல இருக்கு. எழுதற ஆசை இருக்கறவங்களுக்கு இதை விட நல்ல பயிற்சி எனக்குத் தெரியல.

வார்த்தை புரியலையே, அந்த ஊர் ஆளுங்களுக்கே புரியாதாமே?

நிஜம்தான், பாட்டனோட சில வரி என்னன்னு இன்னிக்கும் ஆராய்ச்சியாளருங்க சண்டை போடறாங்க. புரியறதுலேர்ந்து ஆரம்பிங்க. கத்ரி, ஹாங்க் வில்லியம்ஸ், நாட்டுப்பாடகி ஓடெட்டா மூணு பேரும் தெளிவாப் பாடுவாங்க. ஓடெட்டாவோட 1956 ஆல்பத்தைக் கடைல கேட்டுட்டுத்தான் டிலன் எலக்ட்ரிக் கிடாரைக் குடுத்துட்டு சாதா கிடார் வாங்குனாரு, அந்தக் குரலைக் கேட்டா ஏன்னு தெரியும்.

கதைப்பாட்டுங்களுக்கும் டிலனுக்கும் என்ன சம்பந்தம்?

பெரிய சம்பந்தம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்துக் கதைப்பாட்டுங்க குடியேறுனவங்களோட கப்பல் ஏறி வந்து அமெரிக்காவோட அப்பலாச்சியன் மலைக் கிராமங்கள்ல தங்கிடுச்சு. பிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டுங்கற ஹார்வர்டு பேராசிரியர் 305 கதைப்பாட்டைத் தொகுத்து 1882லேர்ந்து 1898 வரைக்கும் புத்தகமாப் போட்டாரு. அதுல 12ஆவது 'லார்ட் ராண்டல்'. அம்மா கேள்வி கேக்கறா, எங்கடா போயிட்டு வர்றேன்னு, மகன் பதில் சொல்றான், அடுத்த கேள்வி, அடுத்த பதில், படுக்கையைப் போடும்மா உடம்பு சரியில்லங்கறான், கொஞ்சம் கொஞ்சமா நமக்குப் புரியுது அவனுக்கு அவன் காதலி விஷம் வெச்சுட்டான்னு. டிலனோட 'எ ஹார்ட் ரெயின்ஸ் எ-கோனா ஃபால்' இந்தக் கேள்வி பதில் சட்டத்தை அப்படியே எடுத்துக்கிட்டு விஷத்தை ஒரு ஆளுக்கு இல்லாம உலகத்துக்கே வெச்சுடுது. மூலம் தெரியாமக் கேட்டா ஏதோ கவிதை மழைன்னு தோணும். தெரிஞ்சு கேட்டா, அந்தப் பையன் செத்துக்கிட்டே பேசறானோங்கற பயம் முதல் வரியிலேயே வந்துடுது.

கறுப்பினத்தவர் பாட்டு, வெள்ளையர் பாட்டு எது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

பல சமயம் முடியாது, அதுதான் விஷயமே. ரெக்கார்டு கம்பெனிங்க கறுப்பின மக்களுக்கு விக்கறதுக்கு ரேஸ் ரெக்கார்ட்ஸ்னும், தெற்கு வெள்ளையருக்கு விக்கறதுக்கு ஹில்பில்லின்னும் கேட்லாகை வெட்டி வெச்சாங்க, பாட்டு அப்படி வெட்டுப்படல. கார்ட்டர் ஃபேமிலியோட ஏ.பி. கார்ட்டர் பாட்டு தேடி ஊர் ஊராப் போனப்போ கூடப் போனது லெஸ்லி ரிடில்ங்கற கறுப்பின கிடார்க்காரரு, கார்ட்டர் வார்த்தையை எழுதிக்குவாரு, ரிடில் மெட்டை மனசுல வெச்சுக்குவாரு. வெள்ளையரான ஜிம்மி ராட்ஜர்ஸ் ப்ளூஸோட யோடல் (குரலை டக்குன்னு மேலயும் கீழயும் மாத்திப் பாடறது) கலந்து பாடுன ஒரு பாட்டுக்கு 1930ல கறுப்பின ஜாஸ்காரரான லூயி ஆம்ஸ்ட்ராங் ட்ரம்பெட் வாசிச்சிருக்காரு.

இந்த வெட்டை உடைச்சது ஹாரி ஸ்மித். 1952ல ஃபோக்வேஸ் கம்பெனிக்காக தான் சேத்து வெச்ச தட்டுங்கள்லேர்ந்து 84 பழைய பாட்டை எடுத்து ஆறு எல்பியாப் போட்டாரு, கதைப்பாட்டு, கூடி ஆடிப்பாடறது, தனிப்பாட்டுன்னு மூணு பாகம், பாடறவங்க எந்த இனம்னு எங்கயுமே போடல. ஒவ்வொரு கதைப்பாட்டுக்கும் செய்தித்தாள் தலைப்பு மாதிரி சின்னச் சுருக்கம் உண்டு. டிலன் தலைமுறைப் பசங்களுக்கு இதுதான் பாடப்புத்தகம். அதுல இருந்த கறுப்பினப் பாடகர் மிசிசிப்பி ஜான் ஹர்ட்டைக் கேட்டுட்டு அவரை வெள்ளைக்காரர்னு நினைச்சவங்க நிறைய பேர். 1928ல பதிவு பண்ண அவரோட பாட்டு ஒண்ணுல அவலான் என் சொந்த ஊருன்னு வருது, அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ரசிகர் 1963ல மிசிசிப்பில அந்த ஊருக்கே போனாரு, ஹர்ட் அங்கதான் மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தாரு. அதே வருஷம் நியூபோர்ட் நாட்டுப்பாட்டு விழாவுல ஆயிரக்கணக்கான பேர் முன்னாடி பாடுனாரு, 1966 வரைக்கும் இருந்தாரு. 35 வருஷம் யாரும் கேக்காம இருந்த விரல்லேர்ந்து அதே நிதானம் வருது.

இந்தத் தொகுப்புங்கள்ல என்ன குறை?

பெண்கள் ரொம்பக் கம்மி. டிலன் வழியா மட்டும் போனா மெம்ஃபிஸ் மின்னி, பெஸ்ஸி ஸ்மித், மா ரெய்னி மாதிரி ப்ளூஸ் பாடகிங்க எல்லாரும் ஓரமாயிடுவாங்க. எலிசபெத் காட்டனைக் கண்டிப்பாத் தேடுங்க, இடது கைப் பழக்கம், வலது கைக்காரங்க கிடாரையே கம்பி மாத்தாமத் திருப்பிப் பிடிச்சு வாசிச்சவங்க, அதனால கட்டை விரல் மெட்டைப் பாட மத்த விரல் தாழ்ந்த சுரத்தை எடுக்கும், வேற யார்கிட்டயும் அந்த நடை வராது. கார்ட்டர் ஃபேமிலில ஏ.பி. பேர்தான் பெருசாத் தெரியும், ஆனா மேபெல் கார்ட்டர் கட்டை விரலால தாழ்ந்த சுரக் கம்பில மெட்டையும் மத்த விரலால தாளத்தையும் ஒரே நேரத்துல வாசிச்ச விதத்தைத்தான் பின்னாடி வந்த கிடார்க்காரங்க பாதிப் பேர் கத்துக்கிட்டாங்க.

இன்னொரு குறை, சர்ச் பாட்டும் ரொம்பச் சேக்க மாட்டாங்க.

டிலன் குரலே எனக்குப் பிடிக்காது, இருந்தாலும் கேக்கலாமா?

தாராளமா. தொகுப்புல அவர் குரல் கிடையாதே.

சரி, எந்த வரிசைல கேக்கறது?

ஒரு ராத்திரிக்கு ஒரு ஜோடி. மூலம் முதல்ல, டிலன் அப்புறம், திரும்ப மூலம். அந்த மூணாவது தடவைதான் முக்கியம், ஏன்னா முதல் தடவை நீங்க கேட்டது டிலனுக்கு முன்னுரையா இருந்திருக்கும், மூணாவது தடவை அது தன் கால்ல நிக்கும். 'நோ மோர் ஆக்ஷன் ப்ளாக்'ல ஆரம்பிங்க, அடுத்து '1913 மாஸகர்', அப்புறம் ஜெஃபர்சன். அது முடிஞ்சா ஹாரி ஸ்மித் தொகுப்பு, 1997லேர்ந்து சிடியாவும் இருக்கு, 84ஐயும் ஒரே மூச்சுல கேக்காதீங்க. நான் ஒரு வாரம் முழுக்க டாக் பாக்ஸ் பாட்டு ரெண்டு மட்டுமே கேட்டிருக்கேன், வர்ஜீனியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, கையில பாஞ்சோங்கற கம்பி வாத்தியம், 1927ல பதிவு. அந்த பாஞ்சோவும் குரலும் ஒண்ணை ஒண்ணு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ஒரே சுரத்துல நடந்து போகும், வெள்ளிக்கிழமை ராத்திரிதான் அவர் மூச்சு எடுக்கற இடம் எனக்குப் பிடிபட்டுச்சு.